நீலக் கோட்டு

மஞ்சள் உடுப்புக்காரர்களை மட்டுமே பார்த்துப் பழகிய குதிரைக்கு, வேறு நிறத்தில் வருகிறவனும் மனிதன்தான் என்று நீங்கள் எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள்?

அமெரிக்காவின் நெவாடாவில் அந்தச் சிறையின் குதிரைப் பட்டியில் நின்றபடி லைல் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். மலையில் பிடித்த காட்டுக்குதிரைகளை மஞ்சள் உடுப்புக் கைதிகள் பழக்குவார்கள். பிறகு ஏலம். அவன் பழக்கிய பிஸ்கட் என்ற செங்குதிரை கட்டைகளைத் தாண்டும், கன்றை மடக்கும், படபடக்கும் தார்ப்பாயில் நடக்கும். ஆனால் அன்று காலை, போட்டிகளில் சவாரி செய்யும் பெண் ஒருத்தி நீலக் கோட்டோடு கிட்டே வந்ததும் வேலியில் மோதி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டது.

"நாளைக்கு ஏலத்துல ஏறிப் பாப்பேன். இப்படியே பண்ணா எனக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"ரெண்டு ஏலத்துல போகல," என்றான் பக்கத்துப் பட்டிக் கைதி ஓச்சோவா. "இதுலயும் போகலன்னா லாரிக்காரன்தான். எதுக்கு வாங்குவான்னு தெரியும்ல? கறிக்கு."

லைல் காவலர் ஹார்லனிடம் போனான். "சார், வேற கலர்ல ஒரு சட்டை. கொஞ்ச நேரம் போதும்."

"கைதி வேற உடுப்பு போட்டா அதுக்குப் பேரு என்ன?"

"தெரியும் சார்."

"அப்ப கேக்காத."

மதியம் வெயில் ஏறியதும் ஹார்லன் தன் நீலக் கோட்டை வேலியில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். லைல் அதை எடுத்துப் போட்டுக்கொண்டான். கோட்டுக் கைகள் அவனுக்கு நீளமாக இருந்தன.

"அசல் போலீஸ் மாதிரியே இருக்க. எனக்கே ஓடணும்போல இருக்கு," என்றான் ஓச்சோவா.

பிஸ்கட் நடுங்கியது. லைல் கயிற்றைத் தளர்த்தி நின்றான். வெகுநேரம் கழித்து அது மூக்கைக் கோட்டுக் கைக்குள் நுழைத்தது. அவன் மெல்ல ஏறினான். இரண்டு கட்டைகளைத் தாண்டியது. இறங்கும்போது ஹார்லன் வாசலில் நின்றிருந்தார், கையில் பாதி ரொட்டி.

"காவல் கோபுரத்துலேந்து பாத்துட்டாங்கடா. நான் புகார் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க சார். குதிரை நின்னுச்சு, பாத்தீங்கல்ல?"

ஹார்லன் கோட்டை வாங்கிக்கொண்டார்.

ஏலத்தன்று லைலை அறையைவிட்டு வெளியே விடவில்லை. ஒலிபெருக்கி மட்டும் கேட்டது. நீலக் கோட்டுப் பெண் ஏறினாள். கட்டை, கன்று, தார்ப்பாய் எல்லாவற்றுக்கும் கைதட்டல். பிஸ்கட்தான் அன்று அதிக விலைக்குப் போனது. குதிரையோடு படம் எடுக்கும்போது ஹார்லன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டாராம்.

மறுநாள் காலை விசாரணை நடந்தது. தப்பியோட முயன்றதாக லைலின் தண்டனையில் ஓராண்டு கூட்டினார்கள். பட்டியிலிருந்து எடுத்து, பாத்திரம் கழுவப் போட்டார்கள்.