நூற்றில் பத்து இணைப்புகள்

1

இந்தக் கதை ஒரு திருட்டில் பிறந்தது. திருடியது என் அக்கா. பறிபோனது துணிகளுக்கு அடியில் நான் எழுதி ஒளித்து வைத்திருந்த மூன்று நோட்டுகள்.

(முதலில் ‘இயற்கை எழில் கொஞ்சும் மாலையில்’ என்று தொடங்கினேன். எங்கள் ஜன்னலுக்கு எதிரே தெரிவது பக்கத்துக் கட்டடத்தின் ஏசி பெட்டிகள். அடித்துவிட்டேன்.)

2

அக்கா ஆராய்ச்சி மாணவி. மூளையைப் பார்த்துச் செய்த கணினி வலைப்பின்னல் ஒன்றுக்குக் கையெழுத்து படிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். பிறகு அதன் வலுவற்ற இணைப்புகளை வெட்டுகிறாள். மறுபடி பயிற்சி, மறுபடி வெட்டு. நூற்றில் பத்து மிஞ்சியபோதும் அது படித்ததாம். நான் பத்தாவதைப் பாதியில் விட்டவள், என் விளக்கத்தை நம்ப வேண்டாம். அவளே பேசட்டும்.

“குழந்தை மூளையிலயும் இப்படித்தான்டி. நிறைய இணைப்பு இருக்கும். வளர வளர வேண்டாதது போயிடும்.”

“எது வேண்டாததுன்னு மொதல்லயே தெரியாதாக்கா?”

“அதுக்குக் குறுக்கு வழியே கிடையாதுன்னு நிரூபிக்கத்தான் நாலு வருஷமா உயிரை விடுறேன்.”

“இல்லாத வழிக்கு நாலு வருஷமா? வழி இருந்தும் நான் பள்ளிக்கூடம் போகல.”

3

அது படித்தது என் நோட்டுகளை.

“நான் படிக்கலடி, சத்தியமா. மெஷின் சொன்னதும் உன் எழுத்தும் ஒத்துப்போகுதான்னு ஒவ்வொரு எழுத்தாப் பார்த்தேன், அவ்வளவுதான். இந்த ஒரு பக்கம்தான் பிழையே இல்லாம வந்துச்சு. நாளைக்கு கருத்தரங்கத்துல காட்டணும். அம்மாவும் வர்றாங்க.”

திரையைத் திருப்பினாள்.

‘எழுந்து படிக்கச் சொன்னார்கள். வாய் திறக்கவில்லை. வகுப்பே சிரித்தது. வீட்டில் தலைவலி என்றேன். பிறகு போகவே இல்லை.’

அம்மா இன்றும் எனக்குத் தலைவலி மாத்திரை வாங்கி வைக்கிறாள்.

அக்கா அப்போதுதான் அதை வாக்கியமாகப் படித்தாள். அவள் முகம்

(முகத்தை எழுத வரவில்லை.)

“வேற பக்கம் காட்டினா?”

“பிழை வரும். அப்புறம் நூத்துல பத்து இணைப்புலயே படிக்குதுன்னா நம்ப மாட்டாங்க. ஆனா நீ வேண்டாம்னா எடுத்துடுறேன். சொல்லுடி, காட்டட்டுமா?”

4

முதல் முடிவு: ‘காட்டு’ என்கிறேன். கைதட்டல், அம்மாவின் கண்ணீர். (சினிமா. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ‘வேண்டாம்’ என்று நோட்டுகளை எரிக்கிறேன். (வீட்டில் மின்சார அடுப்பு. தீப்பெட்டி கிடையாது.)

சரி, அக்கா வழியில் போவோம் என்று கதையின் வலுவற்ற வாக்கியங்களை வெட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வெட்டுப்பட்டது நான் பதில் சொல்லும் வாக்கியம்தான். இப்போது அந்த இடம் காலியாக இருக்கிறது. அக்கா இன்னும் காத்திருக்கிறாள்.

எனக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை. அவள் பக்கத்தில்தான் நிற்கிறாள்.