ஹென்றிக்கு எல்லா நாளும் ஞாயிறு

என் வீட்டுக்காரருக்கு வாரத்தில் ஏழு நாளும் ஞாயிற்றுக்கிழமை. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆரம்பத்தில் எனக்கும் வந்தது.

ஹென்றிக்கு மறதி நோய். இனிமேல் இது கூடத்தான் செய்யும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சாப்பிட்டது மறந்தது, தெரு மறந்தது, பல நேரம் பிளாரன்ஸ் என்கிற என் பெயரே மறந்தது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக் கூடாது என்பது மட்டும் மறக்கவில்லை. எத்தனையோ நல்லதைப் பறித்த கடவுள் அதையும் சேர்த்து எடுத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

எங்கள் கரையில் ஞாயிறன்று யாரும் வள்ளம் இறக்குவதில்லை. மீறினால் ஊர் கமிட்டி விசாரிக்கும். ஹென்றி அந்தக் கமிட்டியில் இருந்தவர். ஞாயிறன்று நண்டு வலை விட்டான் என்று சொந்தத் தம்பியின் வள்ளத்தையே ஒரு மாதம் கரையில் முடக்கிப் போட்ட மனுஷன்.

இப்போது விடிந்ததும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கரைக்குப் போய் எங்கள் வள்ளத்தின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்துவிடுவார். என் மகன் ரெக்சனும், கூடப் போகும் பவுலும் டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள்.

“ஏலே, பூச மணி அடிக்கப் போவுது. எங்க கிளம்புதிய?”

“அப்பா, இன்னைக்குச் செவ்வாக்கெழம.”

“யாருகிட்டலே கத விடுத?”

ரெக்சன் காலண்டரைக் கொண்டுவந்து காட்டினான். “இத அடிச்சவன் கோவிலுக்குப் போற வேதக்காரனா இருக்க மாட்டான்” என்று சொல்லி மடக்கிக் கொடுத்துவிட்டார். பங்குச் சாமியாரே வந்து இன்று புதன் என்று எடுத்துச் சொன்னார். மரியாதையாகத் தலையாட்டி அனுப்பிவிட்டு, “பாவம், சின்ன வயசு சாமி, கெழம தெரியல” என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

அவரைத் தூக்கி இறக்க எத்தனை நேரம் ஆகும்? ஆனால் யாரும் கை வைக்கவில்லை. “மாமா மேல கை வைக்க எனக்கு மனசு வரலக்கா” என்று பவுல் வேறு வள்ளத்துக்குப் போய்விட்டான். எங்கள் சோறே அந்த வள்ளத்தில்தான் இருந்தது. பொறுத்துப் பார்த்த ரெக்சன் ஒருநாள் சாயங்காலம் அதைக் கொஞ்சம் தள்ளியிருக்கிற தருவைகுளம் கரைக்கு ஓட்டிப் போனான். தினமும் பைக்கில் போய் அங்கிருந்து தொழிலுக்குப் போவதாக ஏற்பாடு. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

மறுநாள் காலையில் ஹென்றி கரைக்குப் போனார். வள்ளம் இல்லை. அவர் சத்தம் போடவில்லை. அந்த வெறும் மணலில் முழங்கால் போட்டுக் கைகளை விரித்துக்கொண்டு, பின்னாலேயே போன என்னிடம் சொன்னார்.

“ஞாயித்துக்கெழம கடலுக்குப் போயிட்டாம்ளா. அவம் பாவத்துக்கு நான் ஒருசந்தி இருக்கேன்.”

நோன்பு என்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாயங்காலம் மகன் வந்து எதிரில் நின்ற பிறகுதான் இரண்டு வாய் சாப்பிட்டார். தூங்கி எழுந்தால் எல்லாம் மறந்துபோகும். மறுபடி வெள்ளைச் சட்டை, மறுபடி வெறும் கரை, மறுபடி புதிதாக நெஞ்சு உடைகிற ஒரு தகப்பன். மகன் செய்யாத ஒரு பாவத்துக்குத் தினம் தினம் முழங்கால் தேய்ந்தது. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கரைக்கே போய்ப் பார்த்தேன். வாயை இறுக மூடிக்கொண்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“வெள்ளிக்கெழம மீன் புடிச்சா பாவமா? எந்த வேதத்துல இருக்கு? ஒங்க மவன் ஒரு தப்பும் செய்யல.”

என்னை இரக்கத்தோடு பார்த்தார். “நீ பெத்தவ. நீ அவன விட்டுக்குடுக்க மாட்ட.”

சோற்றுப் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

ஒருநாள் மணலிலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது ரெக்சன் அவருடைய புண்பட்ட முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் வள்ளத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, பழைய இடத்தில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடினான். துறைமுகத்துப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்தான். கப்பலுக்குக் கிழமை கிடையாது. புதிதாகச் சேர்ந்தவனுக்கு எல்லா ஞாயிறும் டூட்டி.

“அந்த வேல வேண்டாம்லே. ஞாயித்துக்கெழம ஒனக்குப் பூச கூடக் கெடைக்காது.”

“வேற என்னம்மா செய்யச் சொல்லுத? அப்பா சாப்பிடணும்லா.”

அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன்.

இப்போது ஹென்றி காலையில் போய் வள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு நிம்மதியாக வந்து இட்லி சாப்பிடுகிறார். முழங்கால் ஆறிவிட்டது. உடம்பும் கொஞ்சம் தேறியிருக்கிறது. கரையில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம், “எம் மவன் ஓய்வு நாள்ல கடல்ல கால் வைக்க மாட்டான்” என்கிறார். அவர்களும் ஆமாம் மாமா என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

போன ஞாயிறு, ஊரெல்லாம் கொண்டாடுகிற நிஜமான ஞாயிறு. ரெக்சன் விடியுமுன்னே யார்டு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போயிருந்தான். நானும் ஹென்றியும் கோவிலுக்குப் போனோம். பெஞ்சில் தன் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். உட்கார வந்த ஒருவரை, “எம் மவன் வாரான், அங்கன இரிங்க” என்று அனுப்பிவிட்டார். பிரசங்கம் முடிந்தது, நற்கருணை முடிந்தது. அந்தக் கை அங்கிருந்து நகரவில்லை.

“எங்க அவன்?”

“பின்னால நிக்கான்” என்றேன். பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்ன பொய்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொன்னதே அவருக்குப் போதுமாக இருந்தது. இரண்டு கைகளையும் குவித்து, பக்கத்திலிருப்பவர்களுக்குக் கேட்கும்படி ஜெபித்தார்.

“ஆண்டவரே, எம் மவனுக்கு ஞாயித்துக்கெழம ஓய்வக் குடுத்தீரு. ஒமக்கு நன்றி.”

பிறகு ஆமென் சொல்லச் சொல்லி என் முகத்தைப் பார்த்தார். சொன்னேன்.