ஸ்டோருக்குள் ஒரு கப்பல்

மழை எந்த வழியாக இறங்கியதோ தெரியவில்லை. காலையில் பெரியமுத்து தகரப்பெட்டியைத் திறந்தபோது மேலே கிடந்த வேட்டி சொதசொதவென்றிருந்தது. அதற்குள் சுற்றி வைத்திருந்த புத்தகம் ஊறின அவலாக உப்பிக் கிடந்தது. அட்டையில் போட்டிருந்த கப்பலின் நீலம் கசிந்து வேட்டியில் கறையாக இறங்கியிருந்தது. பாதிக்கு மேல் ஒரு தாளையும் பிரிக்க முடியவில்லை. நகத்தால் ஒரு மூலையை நிமிண்டிப் பார்த்தான். தாள் பிரியாமல் எழுத்தோடு பிய்ந்து கையில் வந்தது. அதற்குப் பிறகு தொடப் பயமாக இருந்தது. விறகு தள்ளித் தள்ளித் தோள் கடுத்தது. இன்றைக்குப் புத்தகத்தின் சொந்தக்காரர் மம்மது ராவுத்தர் மேடேறி வருகிற நாள்.

வண்டன்மேட்டில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு அவன்தான் அடுப்புக்காரன். வெளியே சாய்ப்புக் கூரைக்குக் கீழே அடுப்பு. உள்ளே தகரக் குழாய் வழியாகச் சூடு ஓடும். தட்டுத் தட்டாகப் பரப்பிய பச்சைக் காய் அந்தச் சூட்டில் வற்றும். கதவைச் சாத்தி இடுக்கெல்லாம் சேறு பூசிவிட்டால் காய் கலகலவென்று ஆகும்வரை யாரும் திறக்கக் கூடாது. நடுவில் குளிர்காற்று பட்டால் காய் வெளுத்துவிடும். வெளுத்த காயைப் போடியில் இருக்கிற முதலாளி காறித் துப்புவார். அந்தத் துப்பல் கங்காணி ராக்கப்பன் வழியாக அடுப்புக்காரன் மேல் வந்து விழும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து வந்தவனுக்கு இந்த மலையில் சொந்தம் என்று யாரும் இல்லை. ஊரிலும் காத்திருக்க ஆள் இல்லாததால் திரும்பிப் போக ஒரு காரணமும் அமையவில்லை. நெருப்பைப் பார்த்தபடியே வருஷங்கள் போயின.

எழுத்தை அவனாகத்தான் பிடித்தான். மண்ணெண்ணெய் டின்னிலும் தீப்பெட்டியிலும் ரயில் ஸ்டேஷன் பலகையிலும் இருந்ததை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் வாய்க்குள் ஒரு முழு வாக்கியம் வந்து நின்றது. ஆனால் படிக்கத்தான் ஒன்றும் இல்லை. கஞ்சிக்கோட்டுக்காரரான மம்மது ராவுத்தர் வந்த பிறகுதான் அது மாறியது. ராவுத்தர் சீப்பு, கண்ணாடி, புகையிலை, நூல்கண்டு இவற்றோடு நாலைந்து கதைப் புத்தகங்களையும் மூட்டைக்கடியில் வைத்துச் சுமந்து வருவார். கம்பத்துச் சந்தையில் கதையின் பாதியைச் சொல்லிக் கூவி, மிச்சம் தெரிய வேண்டுமானால் வாங்கிக்கொள் என்று விற்பதுதான் அவருடைய முறை. ஆனால் மலையாளத்துக்காரரான அவருக்குத் தமிழ் எழுத்து வராது. அதனால் ஓர் ஏற்பாடு. மலைக்கு வரும்போது பெரியமுத்துவிடம் ஒரு புத்தகத்தை விட்டுப் போவார். அடுத்த முறை வரும்போது பெரியமுத்து கதையை அவருக்குச் சொல்ல வேண்டும். புத்தகத்தைக் கறைபடாமல் திருப்பித் தர வேண்டும். உடனே மூட்டையிலிருந்து இன்னொன்று வரும்.

புதுப் புத்தகம் கையில் வந்த அன்று அவன் படிக்க மாட்டான். அட்டையைப் பார்ப்பான். முகர்ந்து பார்ப்பான். முதல் வரியை மட்டும் வாசித்துவிட்டு மூடிவிடுவான். மறுநாள் விறகு சுமக்கும்போது அந்த ஒரு வரி கூடவே நடந்து வரும். அந்த நாளில் சுமை தெரியாது. இந்தப் புத்தகத்தில் கமலவேணி என்று ஒருத்தி, காணாமல்போன அண்ணனைத் தேடி ரங்கூனுக்குக் கப்பலேறுகிறாள். பெரியமுத்து கடலைப் பார்த்ததில்லை. நாலு நாளாக அடுப்பு வாயில் உட்கார்ந்து அவளோடு கடல்மேல் போய்க்கொண்டிருந்தான். கரை கண்ணில் படுகிற இடத்தில் கட்டை தீர்ந்து எழுந்தவன், அசதியில் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துவிட்டான்.

வெயில் முகம் காட்டி வாரம் ஆகிவிட்டது. அடுப்பு வாயில் காயவைத்தால் புகையும் கரியும் படியும். ஒரு பொறி பட்டால் எல்லாம் போயிற்று. மலையில் காய்ந்த இடம் என்று ஒன்றுதான் இருந்தது. வேட்டியோடு புத்தகத்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தான். பக்கத்துக் கொட்டகையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களில் சுருளியம்மாள் தலையைத் தூக்கினாள்.

"என்னண்ணே, பச்சப்புள்ளயத் தூக்கிட்டுப் போற மாதிரிப் போறீக?"

"நனஞ்சுபோச்சு தாயி."

"வேட்டியா, புஸ்தகமா?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். "பொண்டாட்டி நனஞ்சாக்கூட இம்புட்டு மூஞ்சி வாடாது போங்க."

பெரியமுத்து நிற்காமல் உள்ளே போனான். தட்டுகளைப் பச்சைக் காயோடு அடுக்கி முடித்து, உச்சித் தட்டில் புத்தகத்தைக் கிடத்தினான். கதவைச் சாத்தினான். சேற்றைக் குழைத்து இடுக்கெல்லாம் பூசினான். அடுப்பில் கட்டையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தவன் அப்படியே கண்ணயர்ந்துபோனான்.

விழித்தபோது உச்சிப்பொழுது தாண்டியிருந்தது. ஸ்டோரின் கூரையடித் துவாரம் வழியாக ஆவி வெள்ளையாகப் புரண்டு வந்தது. தினமும் வருகிற ஆவிதான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் திடுக்கென்று எழுந்தான். காய் வேர்க்கிறது. பச்சைக் காய் வைத்த முதல் பொழுதில் ஸ்டோருக்குள் நடப்பது உலர்தலல்ல, வேக்காடு. காயிலிருக்கிற தண்ணீரெல்லாம் ஆவியாகி மேலே ஏறும். உச்சித் தட்டில்தான் போய் முட்டும். இது பெரியமுத்துக்குத் தெரியாததா? புதிதாக வருகிறவர்களுக்கு அவன்தானே சொல்லிக்கொடுப்பான். அசந்த மண்டை, காய்ந்த இடம் என்று நினைத்து, இட்டிலிக் கொப்பரைக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறது.

கதவருகே நின்றான். பூசிய சேறு காய்ந்து வெடித்திருந்தது. திறந்தால் காய் போகும். திறக்காவிட்டால் புத்தகம் கூழாகும். இனி ராவுத்தர் மூட்டையிலிருந்து ஒன்றும் வராது. அப்படி ஒரு குளிர்காலத்தை நினைத்துப் பார்த்தான். அடுப்பு, விறகு, மழை. வேறொன்றும் இல்லை. சேற்றை விரலால் சுரண்டினான். பிறகு கதவை இழுத்தான்.

சூடு முகத்தில் அறைந்தது. தட்டுச் சட்டத்தில் கால்வைத்து ஏறித் தடவி எடுத்தான். அட்டை கழன்று தனியாக வந்தது. முதுகுப் பசை இளகி, தாள்கள் ஒன்றைவிட்டு ஒன்று வழுகின. நகத்துக்கு அசையாத தாளெல்லாம் ஆவியில் தானாக விட்டுக்கொடுத்திருந்தது. வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்தான். மேலே கிடந்தது அவன் விட்ட இடத்துக்கு அடுத்த தாள். உதடு அசைந்தது. 'கப்பல் கரை சேர்ந்தது. எல்லோரையும் அழைத்துப் போக யாராவது வந்திருந்தார்கள். கமலவேணி தன் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.'

அவன் கம்பம்மெட்டு ஏறி வந்த முதல் நாள் நினைவுக்கு வந்தது. கூட வந்தவர்களை ஒவ்வொரு கங்காணியாகப் பெயர் சொல்லிக் கூட்டிப்போனார்கள். அவனை யாரும் கூப்பிடவில்லை. அவனும் இந்தத் தகரப்பெட்டிமேல்தான் உட்கார்ந்திருந்தான். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எங்கேயோ மெட்ராசில் உட்கார்ந்து எழுதியவருக்கு எப்படித் தெரிந்தது? அடுத்த தாளைப் பிரித்தான். அதற்கடுத்ததையும். குளிர்ந்த மஞ்சுப்பனி மெல்ல அவனைத் தாண்டி ஸ்டோருக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

"அண்ணே! கதவு!"

சுருளியம்மாள் ஓடிவந்து கதவை அறைந்து சாத்தினாள். "கிறுக்குப் புடிச்சிருச்சா? ராக்கப்பண்ணன் பார்த்தா தோலை உரிச்சிப்புடும்."

"நீ சொல்லிராத தாயி."

"நான் எதுக்குச் சொல்லணும்? வெளுத்த காயே சொல்லிரும்." போகப் போனவள் நின்றாள். அவன் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். "அப்படி என்னதான் போட்டிருக்கு அதுல?"

"நம்மளப் பத்தி" என்றான். அவள் தலையிலடித்துக்கொண்டு போனாள்.

ராவுத்தர் வந்தபோது மழை தூறலாகியிருந்தது. சாய்ப்புக்குள் மூட்டையை இறக்கி, காலில் கடித்துத் தொங்கிய அட்டைப்பூச்சிகளுக்குப் புகையிலைத் தண்ணீர் விட்டுக்கொண்டே பார்த்தார். காலித் தட்டொன்றில் தாள்கள் வரிசையாகப் பரப்பியிருந்தன. வேட்டியில் நீலம். பெரியமுத்து எழுந்து நின்றான்.

"என்ன முத்து இது? புக்கா, வடகமா?"

"கெட்டுப்போச்சு ராவுத்தரே. என் தப்புதான்."

ராவுத்தர் ஒரு தாளை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். மூக்கருகே கொண்டுபோனார். "ஏலக்கா மணக்குது. பாயசத்துக்குப் போடலாம், விக்க முடியாது." மூட்டைமேல் உட்கார்ந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது போலிருந்தது. "இந்த மலை ஏற முடியலப்பா. முட்டி விட்டுப்போச்சு. இனிமேப் புஸ்தகம் சுமக்க வேண்டாம்னு ஊட்ல பறயிறாங்க. கனம் வேற, நஷ்டம் வேற."

மூட்டையின் அவிழ்ந்த வாயில் சிவப்பு அட்டையொன்றின் முனை தெரிந்தது. தெரிந்த அளவில் இரண்டெழுத்து. அதை வாசிக்கக் கூடாதென்று பெரியமுத்து முகத்தைத் திருப்பினான். ஆனால் வாசித்தாகிவிட்டது.

"சரி" என்றார் ராவுத்தர். "அந்தப் புள்ள அண்ணனத் தேடிக் கப்பலேறுனா. அதுவரைக்கும் போன மாசமே நீ அட்டப்படமும் மொத வரியும் பாத்துச் சொல்லிட்ட. அண்ணனக் கண்டாளா?"

"இன்னும் அந்த இடத்துக்கு வரல."

"அப்ப படி. நான் சும்மாத்தான இருக்கேன்."

சரிவின் கீழே, ஆள் முகம் தெரியாத தூரத்தில், மஞ்சுக்குள் ஒரு கருப்புக் குடை மேலேறி வந்தது. மாலைச் சூடு பார்க்க வருகிற ராக்கப்பன்தான்.

"கங்காணி வர்றாரு. இன்னைக்கோட எனக்கு அடுப்பு இல்ல."

"வரட்டும். வர்றதுக்குள்ள அவள ஒரு வீட்டுல கொண்டுபோய்ச் சேரு. பொட்டிமேல எம்புட்டு நேரந்தான் உக்காந்திருப்பா?"

பெரியமுத்து அடுத்த தாளின் முனையை எச்சில் தொட்ட விரலால் நெம்பினான். கிழியாமல் வந்தது. அடுப்பு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் இல்லாமல், முதல்முறையாகக் குரலெடுத்து வாசிக்க ஆரம்பித்தான். கொட்டகையில் காய் பொறுக்குகிற சத்தம் நின்றது. குடை ஸ்டோர் வாசலில் வந்து சுருங்கியது. ராவுத்தரின் ஒரு கை மூட்டையின் முடிச்சில் இருந்தது. கட்டவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை.