தோட்டத்துக்கென்று ஒதுக்கிய கச்சான்

தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில், அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஜீவராணி, அவர்களுக்குத் தரும் கச்சான் கடலை டின்னைத் திறந்தாள். உள்ளே வெள்ளையாக நூல் படர்ந்திருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு சாம்பல் நிற அந்துப்பூச்சி பறந்து, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் நெற்றியில் உட்கார்ந்தது. வாசலில் நின்ற தாய்மார் பார்த்துவிட்டார்கள்.

தோட்டத்து ஆபீஸ், கச்சான் அனுப்பிய பதுளை டவுன் கடைக்காரர் ராமநாதனைக் கேட்டது. சாமான் சுத்தமாகத்தான் போனது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அரிசியிலிருந்து பூச்சி ஏறியிருக்கும், அவள் டின்னை ஒழுங்காக மூடியிருக்க மாட்டாள் என்றார் அவர். முடிவு தெரியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று ஜீவராணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ராமநாதனின் மகள் லக்ஷனா பூச்சிகளை ஆராயும் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். அவளே சோதித்துச் சொல்லட்டும் என்று ஆபீசிடம் சொன்னவரும் ராமநாதன்தான். அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

லக்ஷனா டின்னிலிருந்த பூச்சிகளையும் புழுக்களையும் எடுத்துக்கொண்டாள். பிறகு லயத்து அரிசிப் பானைகளில் தேடினாள். ஜீவராணி கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"ஏங்க, ஒங்க கடைப் பூச்சிக்கும் எங்க லயத்துப் பூச்சிக்கும் மூஞ்சி வேறயாவா இருக்கும்?"

"மூஞ்சியில தெரியாதுக்கா. வால் பக்கம் பாக்கணும்."

ஜீவராணி சிரித்துவிட்டாள். லக்ஷனா சொன்னது உண்மைதான். சிறகுத் தூள் உதிர்ந்துபோனால் இந்தப் பூச்சிகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஆண் பூச்சியின் வயிற்று நுனியில் இருக்கும் இனப்பெருக்க உறுப்பு, ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு வடிவம். புழுவில் அந்த உறுப்பு வளர்ந்திருக்காது. அதற்கு மரபணுவைத்தான் பார்க்கவேண்டும்.

லயத்தில் கிடைத்தவை எல்லாமே அரிசியில் வரும் இனம். டின்னில் இருந்ததோ கச்சானிலும் முந்திரியிலும் மொய்க்கும் வேறோர் இனம்.

லக்ஷனா கடையின் பின்னறைக்குப் போனாள். டவுனில் விலைபோகாத பழைய மூட்டைகளை ஒரு மூலையில் தள்ளி, புடைத்து, தோட்டங்களுக்கு அனுப்புவது அந்தக் கடையில் நெடுநாள் வழக்கம். சிறு வயதிலிருந்து பார்த்துவந்ததால் அது அவளுக்கும் தவறாகத் தோன்றியதில்லை. அந்த மூட்டைகளிலிருந்து எடுத்த பூச்சி, உறுப்பிலும் மரபணுவிலும் டின் பூச்சியின் அதே இனமாக இருந்தது.

அப்பாவிடம் சொன்னாள்.

"தோட்டத்துல யாரும் பாக்க மாட்டாங்கன்னு..." என்று இழுத்தார்.

"பூச்சிக்கு டவுன், தோட்டம்னு பிரிக்கத் தெரியலப்பா. நமக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

மறுநாள் ராமநாதன் புது மூட்டையோடு ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குப் போனார். ஆபீசில் உண்மையைச் சொல்லி, ஜீவராணியைப் பிள்ளைக்காம்பராவுக்கு அழைத்துவரச் செய்தார். அவள் மூட்டையைப் பிரித்து ஒரு பிடி கச்சானை அவரிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீங்க தின்னுங்க மொதலாளி."

தாய்மார் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மென்று விழுங்கினார். பிறகு அவர்களைப் பார்த்துச் சொன்னார்:

"என் பிள்ளைக்குக் குடுக்காதத அடுத்தவங்க பிள்ளைக்கு விக்கக்கூடாது. வித்துட்டுப் பழியையும் அவங்க தலையில போடுறது அதவிட மோசம். நான் ரெண்டையும் செஞ்சேன்."