பாலத்தில் நின்ற புள்ளி

என் கணவருக்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்த பிறகு, எங்கள் வீட்டில் சைக்கிள் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாவிட்டால் என்ன, அது கூடத்துச் சுவரோரம் பளபளவென்று நின்றுகொண்டுதான் இருந்தது. மனிதர் தினமும் அதைத் துடைப்பார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற கை அல்லவா, அதில் முகம் பார்க்கலாம். என்னை ஒரு நாளாவது இப்படிக் கவனித்திருப்பாரா என்று கேட்டால் பதிலுக்குச் சிரிப்பார்.

கடைசியில் டாக்டரே என் காலை வாரிவிட்டார். "ஓட்டட்டும்மா. நாடித்துடிப்பு நூத்தி இருபதைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதானாம்! சொல்கிறவருக்கு என்ன, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார்.

எங்கள் ஊர் ஏரிக்குள் நான்கு தீவுகள். அவற்றைப் பாலங்கள் கோத்திருக்கின்றன. கடைசித் தீவிலிருந்து படகில் ஊர் திரும்பவேண்டும். மலையும் தண்ணீரும் வளைந்து போகிற சாலையுமாக, பார்க்க வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். வருஷா வருஷம் சைக்கிளில் அதைச் சுற்றுவதற்கென்றே இவருக்கு ஒரு கூட்டாளிக் கூட்டம் உண்டு. எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். 'முட்டித் தேய்மானச் சங்கம்' என்று நான் கிண்டலுக்கு வைத்த பெயரைப் பனியனிலேயே அச்சடித்துக்கொண்ட மானங்கெட்டவர்கள்.

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். மார்பில் நாடி பார்க்கிற பெல்ட்டைக் கட்டவேண்டும். அது இவருடைய போனுக்கு எண்ணை அனுப்பும். இவர் போனிலிருந்து அந்த எண்ணும், வரைபடத்தில் நகர்கிற ஒரு நீலப் புள்ளியும் என் போனுக்கு வரும். நூற்று இருபதைத் தாண்டினால் அன்றோடு சைக்கிள் பழைய இரும்புக் கடைக்குப் போகும். "சரி" என்றார். அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னபோதே எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

கூட்டத்துக்குப் பின்னால் வண்டியில் வர என் தம்பி ஒத்துக்கொண்டான். ரொட்டித் தொழிற்சாலையில் வேன் ஓட்டுகிறவன். மாற்று டயர், தண்ணீர், பழம் எல்லாம் அவன் வண்டியில். கடைசியாகப் போகிற சைக்கிளுக்கும் பின்னால் ஊர்ந்து வரவேண்டும், அதுதான் வேலை. சைக்கிள் பக்கமே போகமாட்டான். "உக்காந்து போறதுக்குத்தானேக்கா இன்ஜினைக் கண்டுபிடிச்சாங்க" என்பான். அவன் கூடவே வருகிறான் என்பதில் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்திருந்தது.

நான் முதல் படகிலேயே கடைசித் தீவுக்கு வந்து, படகுத்துறைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்துகொண்டேன். போனைக் கிளாஸில் சாய்த்து வைத்தேன். எண்பத்து நான்கு. எண்பத்து ஏழு. எண்பத்து ஐந்து. புள்ளி முதல் தீவைக் கடந்தது, இரண்டாவதையும் கடந்தது. என் சொல்லுக்கு இந்த வீட்டில் இவ்வளவு மரியாதையா என்று எனக்கே கண் கலங்கிவிட்டது. இன்னொரு தேநீர் சொன்னேன்.

மூன்றாம் தீவில் ஒரு மேடு உண்டு. வாலிபப் பையன்களே நாக்குத் தள்ளுகிற மேடு. புள்ளி அதில் ஏறியது. எண்பத்து எட்டு.

எண்பத்து எட்டா?

நான் துணி வெளுக்கிற ஆலையில் பாய்லர் பார்க்கிறவள். நாளெல்லாம் அழுத்தமானியின் முள்ளைப் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. முள் ஏறினால் எனக்குப் பயமில்லை, என்ன செய்யவேண்டும் என்று தெரியும். நெருப்பைக் கூட்டியும் முள் அசையாமல் நின்றால்தான் பயம். மானி செத்துவிட்டது, உள்ளே என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது என்று அர்த்தம்.

இவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. சற்றுப் பொறுத்து ஒரு செய்தி வந்தது: 'நல்லா இருக்கேன். மேட்டுல இறங்கித் தள்ளிட்டுப் போறேன்.' தள்ளினாலும் நாடி ஏறாதா? படுத்துக்கொண்டா தள்ளுகிறார்? பெல்ட் பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்படியானால் இந்தக் காலைப்பொழுது முழுக்க நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

அப்போதுதான் எண் ஏறத் தொடங்கியது. நூற்றுப் பத்து. நூற்று நாற்பது. நூற்று எழுபத்து ஒன்று. திடீரென்று தொண்ணூறு. மறுபடி நூற்று அறுபது. புள்ளி மூன்றாம் தீவையும் நாலாம் தீவையும் இணைக்கிற நீண்ட பாலத்தின் நடுவே நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தம்பியை அழைத்தேன். அவனும் எடுக்கவில்லை. அத்தானைத் தரையில் படுக்கவைத்து மூச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறான், அதனால்தான் எடுக்கவில்லை என்று என் மனசு தானாகவே படம் வரைந்துகொண்டது.

ஆம்புலன்ஸை அழைத்தேன். குரல் எப்படி நடுங்காமல் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. நீண்ட பாலம், நடுவில், ஆண், ஐம்பத்து நான்கு வயது, இரண்டு ஸ்டென்ட், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, காலையில் ஆஸ்பிரின் போட்டாயிற்று. ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். பிறகு கடைக்காரம்மாவின் முன்னால் போய்க் கை நீட்டினேன்.

"உங்க ஸ்கூட்டர் சாவி குடுங்க. என் வீட்டுக்காரர் பாலத்துல விழுந்து கிடக்கிறார்."

அந்தப் புண்ணியவதி ஒரு கேள்விகூடக் கேட்காமல் சாவியைக் கொடுத்தார்.

ஏரி இரு பக்கமும் தகதகவென்று மின்னியது. அழகைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வந்தது. பாலம் தொடங்குவதற்கு முந்தைய வளைவில், எதிரே ஒரு சைக்கிள் சீறிக்கொண்டு வந்தது. ஓட்டுகிறவர் கைப்பிடி மேல் குனிந்து, பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி வாயெல்லாம் பல்லாக மிதித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் மற்றவர்கள் எங்கோ பின்னால்.

என் கணவர்.

ஸ்கூட்டரை எப்படி நிறுத்தினேனோ. ஐயோ, விழுந்து கிடப்பது இவர் இல்லை, இவர் இல்லை என்று உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது. அப்படி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு வந்ததில்லை. அவர் என்னைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தார்.

"நீ இங்க எப்படி... இல்லம்மா, இப்பதான் கொஞ்சம் வேகமா..."

"பெல்ட் எங்க?"

"அது வந்து..."

"யார் கட்டியிருக்காங்க? போன் யார்கிட்ட இருக்கு? சொல்லுங்க!"

"மச்சான்கிட்ட" என்றார். "சும்மா ஒரு நாள்தானேன்னு நான்தான் கெஞ்சினேன். அவன் வேணாம்னுதான் சொன்னான்."

போனைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். நூற்று அறுபத்து நான்கு. மனிதருக்கு எண் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் முகம் வெளுத்துப்போனது. துடைத்துத் துடைத்து வைத்திருந்த சைக்கிளைப் பள்ளத்தில் போட்டுவிட்டு என் பின்னால் ஏறிக்கொண்டார். வேன்தான் எல்லோருக்கும் கடைசி. அதற்குப் பின்னால் யாரும் இல்லை. வேனுக்கு முன்னால் போகிறவர்களில் எவனும் திரும்பிப் பார்க்கிறவன் இல்லை. என் தம்பி அங்கே தனியாக இருந்தான்.

பாதி வழியில்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. "ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க! நான் சொன்னதெல்லாம் தப்புன்னு சொல்லுங்க. ஸ்டென்ட் இல்ல, மாத்திரை இல்ல, ஆஸ்பிரின் போடல. வேற ஆளுன்னு சொல்லுங்க!"

அவர் என் போனில் கத்திக் கத்திச் சொன்னார். "நாப்பத்தாறு வயசுங்க. ஒரு வியாதியும் இல்லைங்க" என்றவர், "இதுவரைக்கும்" என்று சேர்த்தபோது அழுதுவிட்டார். அவர் நெற்றி என் முதுகில் முட்டிக்கொண்டே வந்தது. ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தள்ளிவிடவும் வரவில்லை.

வேன் பாலத்து ஓரத்தில் விளக்குகள் கண்சிமிட்ட நின்றிருந்தது. ஆம்புலன்ஸ் எங்களுக்கு முன்பே வந்துவிட்டது. தம்பி அதற்குள்ளே படுத்திருந்தான். முகம் பிசைந்த மாவு நிறம், சட்டையெல்லாம் வியர்வை. மருத்துவ உதவியாளப் பெண் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரெண்டு தடவை கூப்பிட்டது நீங்கதானா? நல்ல வேளை மாத்திச் சொன்னீங்க. ஆஸ்பிரின் குடுத்துட்டோம். முதல்ல சொன்னதையே நம்பியிருந்தா குடுத்திருக்க மாட்டோம்."

அவள் பெல்ட்டைக் கத்தரித்து எடுத்துவிட்டுத் தன் ஈசிஜி கம்பிகளை ஒட்டினாள். என் போனில் எண் மறைந்து இரண்டு கோடுகள் வந்தன. தம்பி கண்ணெதிரே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான், ஆனாலும் அந்தக் கோடுகளை என்னால் பார்க்க முடியவில்லை. உள்ளே ஏறி, போனைத் தரையில் வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்தேன்.

"பெல்ட் இறுக்கம்னு நெனச்சேன்க்கா" என்றான் முனகலாக. "நெஞ்ச அமுக்குச்சு. ரெண்டு தடவ தளர்த்திப் பார்த்தேன். நீ போன் பண்ணப்ப எடுத்திருப்பேன். எடுத்தா அத்தான் மாட்டிக்குவாரேன்னு... அப்புறம் கை வரல."

"பேசாதடா."

கதவருகே என் கணவர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரத் தைரியமில்லை. தம்பி அவரைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். அவன் கண்ணில் ஒரு வியப்பு இருந்தது, சின்ன வயதில் இருட்டில் அழுதபோது நான் விளக்கோடு வந்து நின்றால் பார்ப்பானே, அதே வியப்பு.

"எனக்கு முடியலன்னு உனக்கு எப்படிக்கா தெரிஞ்சுது? நான் யாருக்கும் சொல்லவே இல்லையே. எனக்காகவா ஓடி வந்தே?"

சாலை வளைவில் உடம்பெல்லாம் குளிர்ந்ததே, அந்தச் சந்தோஷம் இப்போது என்னை முள்ளாகக் குத்தியது. இவர் இல்லை என்று எவ்வளவு மகிழ்ந்தேன்! அந்தக் கணத்தில் வேறு யார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"பின்ன?" என்றேன். "காலையிலேர்ந்து உன்னைத்தானடா பார்த்துக்கிட்டு இருக்கேன்."

அவன் நம்பினான். என் விரல்களை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினான். உதவியாளப் பெண் கதவைச் சாத்தச் சொன்னாள். வண்டி புறப்பட்டது. நான் அவன் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு போனேன்.