ஜோதி சிஸ்டர் கேட்ட கேள்வி

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. வரிசையில் நின்று கேட்டேன். 2021 ஜூன் கடைசி. அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொரோனா தடுப்பூசி முகாம். எனக்கு முன்னால் நின்ற பெண், ஊசி போட்ட நர்ஸை ‘அம்மா’ என்றாள். நர்ஸுகளை அப்படியும் கூப்பிடுவார்கள் என்பதால் முதலில் எனக்குப் புரியவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘திருச்சி விமான நிலையத்தில் வெற்றிச்செல்வி திரும்பிப் பார்த்தபோது அவள் அம்மா’

(வேண்டாம். அவள் விமான நிலையம் போனாளா என்றே எனக்குத் தெரியாது.)

தெரிந்ததைச் சொல்கிறேன். எனக்கு முன்னால் நின்ற வெற்றிச்செல்வி செந்துறைக்காரி, நிலவியல் படித்தவள். மேற்படிப்புக்கு ஜெர்மனியில் இடம் கிடைத்திருந்தது. செப்டம்பருக்குள் வந்து சேரச் சொன்னார்கள். அப்பா தமிழ்மாறன் பெரம்பலூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவர்தான் தடுத்தார் என்று எழுதி, ‘ஒலகமே கல்லு பார்க்க அரியலூருக்கு வருது, நீ எங்க போற?’ என்று ஒரு வசனமும் கொடுத்தேன். (அரியலூர் புதைபடிவக் கற்களுக்குப் பேர்போனது.) அவர் அப்படிச் சொன்னது நிஜம்தான். ஆனால் மகளுக்குப் பெட்டி வாங்கி வந்த அன்று, சிரித்துக்கொண்டு சொன்னாராம்.

தடுத்தவர் அம்மா, அந்த ஊசி போட்ட நர்ஸ். ஜோதி சிஸ்டர்.

3

மே மாதம் முழுக்க ஜோதிக்குக் கொரோனா வார்டில் வேலை. ஒருநாள் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, தள்ளி நின்றபடியே சொன்னார்.

“பாப்பா, இந்த வருசம் வேணாம். அங்க உனக்கு முடியாமப் போனா என்னால வர முடியாது.”

“அடுத்த வருசம் எடம் தருவாங்களான்னு தெரியலம்மா.”

“வார்டுல பாக்குறேன்ல. பெத்தவங்க வாசல்ல நிக்குறாங்க, உள்ள விட முடியல. புள்ள அம்மா அம்மான்னு கெடக்குது.”

“அந்தப் புள்ளகிட்ட யாரு இருந்தா?”

“நாந்தான்.”

“அங்கயும் ஒரு நர்ஸ் இருப்பாங்கம்மா.”

ஜோதி தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ச் சாப்பிட்டார்.

(இந்த இடத்தில் அவர் மனதுக்குள் புகுந்து ஒரு பத்தி எழுதினேன். ‘தன்னைப் போல ஒருத்தி, தமிழ் தெரியாதவள், தன் மகள் நெற்றியில் கை வைத்து’ என்று போனது. மேலே எழுத எனக்கும் தைரியம் வரவில்லை.)

4

வெளிநாடு போகிற மாணவர்கள் இரண்டாவது ஊசியைச் சீக்கிரமே போட்டுக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. ஜோதியை அதற்குள் ஊசி முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். மகள் பாஸ்போர்ட்டோடு, எல்லோரையும் போல வரிசையில் நின்றே வந்தாள்.

“மொத ஊசி போட்டு எத்தன நாளாச்சு?”

“முப்பத்தொரு நாள்.”

“எல்லாருக்கும் எம்பத்து நாலு நாளு. உனக்கு என்ன அவசரம்?”

ஜோதிக்குத் தெரியாததா? மகள் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

“படிக்கப் போறேம்மா. ஜெர்மனிக்கு.”

ஜோதி ஒரு கணம் மகளைப் பார்த்தார். “கைய தொங்க விடு. இறுக்காத.”

போட்டுவிட்டார். பஞ்சை மட்டும் வழக்கத்தைவிட அதிக நேரம் அழுத்திப் பிடித்திருந்தார். அடுத்த ஆள் நான் என்பதால் கவனித்தேன்.

5

ஊசிக்குப் பின் அரை மணி நேரம் உட்கார வேண்டும். பக்கத்து பெஞ்சிலிருந்த வெற்றிச்செல்வி மற்றதையெல்லாம் அப்போதுதான் சொன்னாள். பிறகு எழுந்துபோய், “போயிட்டு வரேம்மா” என்றாள்.

ஜோதி நிமிர்ந்தார். “வூட்டுக்குத்தானே?”

“வூட்டுக்குத்தான்.”

“சரி. போயிட்டு வா.”

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் ஜெர்மனியின் பனியில் நடக்கிறாள். இன்னொன்றில் விமானம் ரத்தாகி, செந்துறை பஸ்ஸில் திரும்புகிறாள். இரண்டிலும் ஊசி போட்டது ஜோதிதான். அதற்குமேல் எழுத எனக்கு உரிமையில்லை. உங்களுக்கு இருக்கலாம்.