படுத்தபடி தீபம்

1978ஆம் ஆண்டு ஐப்பசி மாதக் கடைசியில், திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் பலராமனின் புது வீட்டுக்குக் கூரை உச்சி மரமான மோட்டுவளை ஏற்றப்பட்டது.

வளைக்கு மஞ்சள் துணி கட்டித் தேங்காய் உடைத்தார்கள். பலராமன் கடலை மண்டி மேனேஜர். சிமென்ட் பர்மிட்டுக்கு அலையாய் அலைந்தும் கிடைக்காதவர். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கான்கிரீட்டுக்குக் கீழே மனிதன் வெந்துபோவான், மரக்கூரைதான் உடம்புக்கு நல்லது என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். முன்பே மாடி வீடு கட்டிவிட்ட மச்சான் ராஜேந்திரன் அதைக் கேட்டுச் சிரிக்கக்கூட இல்லை. அது பலராமனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த மச்சான் வீட்டுப் பின்னறையில்தான் பலராமனும் மனைவி ஜோதியம்மாளும் குடியிருந்தார்கள். ஜோதியம்மாளுக்கு வேண்டியது ஒன்றுதான். கார்த்திகை தீபத்துக்குள் புது வீட்டில் பால் காய்ச்சிவிட வேண்டும். தவறினால் மார்கழி வந்துவிடும். மார்கழியில் யாரும் குடிபோவதில்லை. தை பிறக்கும்வரை அண்ணன் மனைவி பாஞ்சாலையின் வாயில் விழ வேண்டும்.

“இன்னா ஜோதி, உங்க வூட்டுக்காரரு அரமண கட்றாராமே?” என்றாள் பாஞ்சாலை. “உன் ரூம்ல எங்க சொம்பு ரெண்டு கீது. போறப்ப மறந்தாப்புல எடுத்துக்குனு போயிடாத.”

ஓட்டைத் தாங்கும் கைமரங்கள் சரிவில் ஏறி, ஓடு வேய்கிற சமயத்தில் பலராமனுக்கு ஒரு யோசனை வந்தது. மச்சான் தீபத்தன்று பாதித் தெருவை மாடிக்குக் கூப்பிட்டு நிற்கவைப்பார். இங்கே கட்டிலில் படுத்தபடியே மலைத் தீபம் தெரிய வேண்டும். கூரையில் கண்ணாடி ஓடு. அதற்கு நேர்கீழே சீலிங்கில் சதுரமாக ஒரு திறப்பு. சீலிங் என்றால் மாமரப் பலகைக்குத் தேக்குச் சாயம் பூசியது.

“ரெண்டு கைமரம் குறுக்க வருது சார்,” என்றார் அருணகிரி ஆசாரி.

“அறுத்துடு.”

“அறுத்துடலாங்க.”

அருணகிரிக்கு எதற்கும் மறுப்பில்லை. மாட்டினாலும் கூலி, பிரித்தாலும் கூலி. கூரை எதற்கு என்ற கேள்வி இருவருக்குமே எழவில்லை.

வேலை முடிந்ததும் பலராமன் கட்டிலைப் போட்டுப் படுத்தார். வானம் தெரிந்தது. ஒரு காக்கை பறந்து போனது. மலை தெரியவில்லை.

“மலை எங்கய்யா?”

“வெளிய கீதுங்க.”

வாசலுக்கு வந்தால் தெருநாய்க்கும் தெரிகிற மலை. கூரை வழியாகப் பார்க்கிறவனுக்கு அதன் உச்சிக்கு மேலுள்ள வெற்று வானம்தான் கிடைக்கும். பலராமன் எழுந்து உட்கார்ந்து வேறு முடிவுக்கு வந்தார்.

“இன்னும் கீழ எறக்கு. செவுத்து ஓரமா.”

“இந்தச் சரிவுல இருக்கற கைமரம் பூரா போவும் சார்.”

“போவட்டும்.”

ஜோதியம்மாளுக்கு அழுகை வந்தது. “ஏங்க, வெளிய வந்து நின்னு பாத்தா ஆவாதா? அடுப்பு வெக்கற எடத்துக்கு மேல ஓடு இருந்தா எனக்குப் போதும்.”

“உனக்கு இன்னா தெரியும்? உங்கண்ணன் கால் வலிக்க நின்னு பாக்கட்டும். நாம படுத்துக்குனு பாப்போம்.”

ஒரு பக்கத்து ஓடுகளை இறக்கிக் கைமரங்களை அறுத்துப் போட்ட மறுநாள் மழை பிடித்தது. விடாமல் பெய்தது. சீலிங் பலகைகள் நீர் குடித்துப் படகு போல் வளைந்தன. தேக்குச் சாயம் கரைந்து கட்டிலில் சொட்டியது. அருணகிரி உளியையும் ரம்பத்தையும் பையில் போட்டுக்கொண்டு, “மழ வுட்டா வரேங்க,” என்று கீழ்பென்னாத்தூருக்கு வேறு வேலை பார்க்கப் போனார்.

மழை விட்டது. அவர் வரவில்லை.

தீபத்தன்று பலராமன் மச்சான் வீட்டு மாடியில் நின்றார். மலை உச்சியில் சுடர் எழுந்ததும் கூட்டம் அரோகரா என்றது.

“அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்றாள் பாஞ்சாலை. “பின்னால இருக்கறவங்களுக்கு மறைக்குது.”

பலராமன் தள்ளி நின்றார். அந்த வாரமே மார்கழி பிறந்தது. ஜோதியம்மாள் பின்னறையிலேயே இருந்தாள்.